கள்ளப் பிரதி வேண்டாம், கட்டற்ற மென்பொருள் போதும்

(சங்கத்தின் மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "அது படித்தவர்கள் சமாசாரம்" என்று சில தாய்மார்கள் எழுந்து போகப் பார்க்கிறார்கள். தயவுசெய்து உட்காருங்கள். இது நம்முடைய சீட்டுப் பணத்தைப் பற்றிய பேச்சு.

நம் பிள்ளைகளில் பலர் டில்லிப் பல்கலைக் கழகத்தின் திறந்தநிலைக் கல்விப் பள்ளியில் பெயரைப் பதிந்துவிட்டு, வாரம் முழுதும் வேலைக்குப் போய், விடுமுறை நாளில் வகுப்புக்குப் போய்ப் படிக்கிறார்கள். இன்று படிப்பென்றால் கம்ப்யூட்டர் இல்லாமல் நடக்காது. சீட்டை எடுத்து நேரு பிளேசுக்குப் போய்ப் பழைய லேப்டாப் ஒன்றை வாங்குகிறோம். கடைக்காரர் "எல்லாம் போட்டுத் தருகிறேன்" என்கிறார். அவர் போட்டுத் தருவது என்ன? விண்டோஸ் கள்ளப் பிரதி, எம்.எஸ். ஆபீஸ் கள்ளப் பிரதி. பூட்டை உடைக்கிற சாவியோடு எந்த வைரஸ் உள்ளே வந்து உட்கார்ந்தது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பரீட்சைக்கு முந்தின வாரம் லேப்டாப் படுத்துவிடும். திரும்பவும் நேரு பிளேஸ், திரும்பவும் ஐந்நூறு ரூபாய்.

இதற்கு மேல் இன்னொரு இடி. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 நாம் வாங்குகிற பழைய இயந்திரங்கள் பலவற்றில் முறைப்படி ஏறாது. திரை நன்றாக இருக்கிறது, விசைப்பலகை நன்றாக இருக்கிறது. ஆனால் கம்பெனியின் கணக்கில் அந்த இயந்திரம் செத்துவிட்டது! யாருடைய லாபத்துக்காக என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. அதன் பெயர் கட்டற்ற மென்பொருள்.

நம் வீட்டு மிக்சி பழுதானால் தெருமுனை மிஸ்திரி அதைத் திறந்து பார்த்துச் சரி செய்கிறார். திறக்கவே கூடாது, பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் மாவரைக்கக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று கம்பெனி எழுதி வாங்கிக்கொண்டால் நாம் சும்மா இருப்போமா? கம்ப்யூட்டர் விஷயத்தில் அப்படித்தான் எழுதி வாங்குகிறார்கள், நாமும் படித்துப் பார்க்காமல் "சம்மதம்" என்ற பொத்தானை அழுத்துகிறோம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு 1980 வாக்கில் இதே தொல்லை வந்தது. ஜெராக்ஸ் கம்பெனி கொடுத்த லேசர் பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டே இருந்தது. சரிப்படுத்த அவருக்குத் தெரியும். ஆனால் அதன் மூலநிரலைத் தர மறுத்துவிட்டார்கள். 1983-இல் அவர் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். யாரும் எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து படித்து மாற்றலாம், நண்பனுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் ஊருக்குக் கொடுக்கலாம் என்பதே அதன் கொள்கை. 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸ் கருநிரலை எழுதினார். ஆமாம், மாணவர்தான், நம் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இலவசம் என்பது இதில் இரண்டாம் பட்சம். இலவசமாகக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிப்போடுகிற மென்பொருள்களும் உண்டு. பிரதி எடுத்துக் கொடுக்கும் உரிமைதான் இங்கே முக்கியம்.

அந்த உரிமை மாணவனுக்கு எவ்வளவு பெரியது என்பதை இந்த டில்லியே பார்த்திருக்கிறது. டில்லி ஸ்கூல் ஆப் எகனாமிக்ஸ் வளாகத்தில் ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீஸ் என்று ஒரு சின்னக் கடை. ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்த பாடப் பகுதிகளைப் பிரதி எடுத்துக் கட்டிக் கொடுப்பார்கள். 2012-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் சேர்ந்து அந்தக் கடை மேலும் பல்கலைக் கழகத்தின் மேலும் வழக்குப் போட்டு, 60 லட்சம் ரூபாய் கேட்டன. மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் அமைத்து வழக்கில் தாங்களும் ஒரு தரப்பாகச் சேர்ந்தார்கள். 2016 செப்டம்பர் 16 அன்று டில்லி உயர்நீதிமன்ற நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை என்பது கடவுள் கொடுத்த உரிமையல்ல, சட்டம் கொடுத்தது, அந்தச் சட்டத்திலேயே கல்விக்கு விலக்கு இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மேல்முறையீட்டில் சில கேள்விகள் மறுபடி விசாரணைக்குத் திரும்பின. ஆனால் 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன.

ஒரு போட்டோகாப்பிக் கடைக்காக ஐந்து வருடம் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டி விண்டோஸ் கள்ளப் பிரதிக்கு நியாயம் கேட்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கட்டற்ற மென்பொருளிலோ வழக்கே கிடையாது. பிரதி எடு, கொடு என்று எழுதியவனே கையெழுத்துப் போட்டுத் தருகிறான்.

இதெல்லாம் பங்களாப் பிள்ளைகளுக்குத்தான் என்று யாரும் எண்ண வேண்டாம். 2001-இல் இதே டில்லியில், எல்.என்.ஜே.பி. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் குடிசைப் பகுதியில், சராய் என்ற ஆய்வு அமைப்பும் அங்குர் என்ற கல்வி அமைப்பும் சேர்ந்து சைபர் மொகல்லா என்று தொடங்கினார்கள். ஒரு சிறு அறை, சில கம்ப்யூட்டர்கள், அவற்றில் கட்டற்ற மென்பொருள். அந்தக் குடிசைகளின் பையன்களும் பெண்களும் தங்கள் தெருவைப் பற்றி எழுதினார்கள், படம் செய்தார்கள், புத்தகமும் வெளிவந்தது. நாங்லா மாஞ்சி குடியிருப்பிலும் அப்படி ஓர் இடம் இருந்தது. 2006-இல் அந்தக் குடியிருப்பையே இடித்துவிட்டார்கள். 2025 ஜூனில் ஜங்புராவில் நம் மதராசி கேம்ப் இடிபட்டதைப் பார்த்த நமக்கு, அது எப்படிப்பட்ட இழப்பு என்று விளக்க வேண்டியதில்லை. நரேலாவில் வீடு கிடைத்தவர்களின் பிள்ளைகள் இன்று கல்லூரிக்கும் நூலகத்துக்கும் எவ்வளவு தூரம் பயணம் செய்கிறார்கள்! அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர் ஆடம்பரமா?

கேரளத்துப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கின்றன. நம் நாட்டு மாவட்ட நீதிமன்றங்களின் கம்ப்யூட்டர்களில் உபுண்டு என்ற லினக்ஸ் ஓடுகிறது. தமிழ்நாட்டில் 2011 முதல் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. ஊரிலிருந்து அதைக் கொண்டுவந்த நம் பிள்ளைகளைக் கேட்டோம். பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும், பொருளை மட்டும் கையில் கொடுத்தால் போதாது. இந்தக் குறை நம் சங்கத்துக்கும் உண்டாகக் கூடாது.

ஒரு தங்கை கேட்டாள்: "பி.காம். படிக்கிறேன், வேலைக்குப் போனால் டாலி தெரியுமா என்றுதானே கேட்பார்கள்?" நியாயமான கேள்வி. டாலியையும் கற்றுக்கொள். வயிற்றுப்பாட்டை விட்டுவிட்டுக் கொள்கை பேசச் சொல்லவில்லை. ஆனால் கட்டுரை எழுதவும் கணக்கு அட்டவணை போடவும் லிப்ரே ஆபீஸ் தாராளமாகப் போதும். புள்ளியியலுக்கு 'ஆர்' இருக்கிறது. கல்லூரி லைசென்ஸ் முடிந்த மறுநாள் உன் ஆய்வை நீயே திறக்க முடியாத கதி அதில் வராது. கற்பதற்கு மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. இந்திச் சூழலில் படித்து இங்கிலீஷில் திணறும் நம் பிள்ளைகள், தமிழில் கேட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற அம்மாவுக்கும் கொஞ்சம் புரிகிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சங்க அறையில் மாலை நான்கு மணிக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறோம். மூத்த மாணவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். காசு வாங்க மாட்டார்கள். வருகிறவர்கள் முதலில் தங்கள் படங்களையும் பாடக் குறிப்புகளையும் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வேலை நடக்கும்போது அழிந்துபோனால் மீட்க முடியாது. சார்ஜரை மறக்காமல் கொண்டு வாருங்கள். பழைய பேட்டரிகள் பாதியில் கைவிட்டுவிடும்.