பெருநாள் அன்பளிப்பாக வெண்ணிலா: மது இல்லாமல் ஊறவைப்போம்

(அறக்கட்டளையின் ரஜப் மாதக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கல்வி உதவித்தொகையும் மருத்துவ முகாமும் பேசும் கூட்டத்தில் கேக்கில் விடும் வெண்ணிலாவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். இந்தக் கேள்வியை நாங்கள் தேடிப் போகவில்லை. சென்ற ரமலானுக்குப் பிறகு நான்கைந்து வீடுகளிலிருந்து நம் அலுவலகத்துக்கு வந்த கேள்வி இது.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். வேலைக்குப் போகும் மகளுக்கு அலுவலகத் தோழி ஒருவர், தன் கையால் செய்த வெண்ணிலாச் சாற்றைச் சின்ன பாட்டிலில் ஊற்றி, ரிப்பன் கட்டிக் கொடுத்திருக்கிறார். நல்ல மணம். இப்தாருக்குக் காய்ச்சிய கடற்பாசியில் இரண்டு சொட்டு விட்டார்கள். மூன்று நாள் ஆன பிறகுதான், செய்முறை கேட்டபோது, அது வோட்காவில் ஊறியது என்று தெரிந்தது. மாமியார் அழுதுவிட்டார். மகள் தோழியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

முதலில் அந்த வீட்டாருக்கு நாங்கள் சொன்னது: தெரியாமல் உண்டதற்காக இவ்வளவு கலங்க வேண்டாம், மீதியைக் கொட்டிவிடுங்கள், தோழியிடம் முகம் கொடுத்துப் பேசுங்கள். அந்தப் பெண் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. உலகம் முழுக்க அந்தச் சாறு அப்படித்தான் தயாராகிறது. அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டிலில் வெண்ணிலா எக்ஸ்ட்ராக்ட் என்று எழுத வேண்டுமானால் அதில் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருந்தாக வேண்டும். காயிலுள்ள மணத்தை ஆல்கஹால் நன்றாக இழுத்துக்கொள்ளும் என்பதுதான் காரணம்.

இனி, சட்டம் என்ன? நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபினரும் கலந்து வாழ்கிறோம். கடையில் வாங்கும் பிஸ்கட்டிலோ ஐஸ்கிரீமிலோ நறுமணப் பொருளோடு வந்துவிடும் சொற்ப ஆல்கஹால் பற்றி உலமாக்களிடையே நீண்ட விவாதம் உண்டு. அதை இந்த மேடையில் நாங்கள் தீர்த்துவைக்கப் போவதில்லை. உங்கள் மஹல்லா இமாமிடம் கேளுங்கள். ஆனால் வீட்டில் செய்வது வேறு விஷயம். 2003 முதல் நம் மாநிலத்தில் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. ஆகவே வோட்காவில் ஊறவைப்பது என்றால், வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் அந்தக் கடை வாசலில் நின்று, காசு கொடுத்து, பாட்டிலை வாங்கி, நம் சமையலறை அலமாரிக்குக் கொண்டுவர வேண்டும். குடிப்பவரை மட்டுமல்ல, வாங்குபவரையும் விற்பவரையும் சுமந்து வருபவரையும் நபி (ஸல்) அவர்கள் சேர்த்தே எச்சரித்திருக்கிறார்கள். இதில் எந்த மத்ஹபிலும் நமக்கு இடம் இல்லை. அடுப்பில் வைத்தால் எல்லாம் ஆவியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். முழுதும் போவதில்லை, கொஞ்சம் தங்கத்தான் செய்கிறது.

அப்படியானால் வெண்ணிலாவே வேண்டாமா? வேண்டும். நம் முன்னோர் அத்தரை எதில் இறக்கினார்கள்? சந்தன எண்ணெயில். மதுவைத் தொடாமல் மணத்தைப் பிடித்துவைக்கும் வழி நமக்குப் புதிதல்ல. வெண்ணிலாவுக்கு அந்த வேலையைக் கிளிசரின் செய்யும்.

அதற்கு முன் அந்தக் காயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், விலையைக் கேட்டு மலைக்கிறீர்கள் அல்லவா! வெண்ணிலா ஆர்கிட் இனத்துக் கொடி. அதன் சொந்த ஊர் மெக்சிகோ. மற்ற நாடுகளில் வளர்த்தால் பூக்கும், காய்க்காது. இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவில் 1841இல் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு சிறு குச்சியும் கட்டைவிரலும் கொண்டு பூவைக் கையால் சூல்சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். அவனால் எத்தனையோ பேர் செல்வந்தர் ஆனார்கள். அவன் 1880இல் ஏழையாகவே இறந்தான். இன்றும் கேரளத்து இடுக்கியிலும் வயநாட்டிலும், குடகிலும், நம் பொள்ளாச்சிப் பக்கத்திலும் ஒவ்வொரு பூவையும் கையால்தான் தொடுகிறார்கள். பூ விரிந்த அன்றைக்கே தொட்டாக வேண்டும். காய் முற்ற எட்டொன்பது மாதம். பறித்த பச்சைக் காயில் மணமே இருக்காது; வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்க வைத்து, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகுதான் கறுத்து மணக்கும். மடகாஸ்கரில் 2000இல் அடித்த புயலுக்குப் பிறகு விலை எகிறியபோது நம் விவசாயிகள் பலர் கடன் வாங்கிக் கொடி நட்டார்கள். ஐந்தாறு ஆண்டுக்குள் விலை அதலபாதாளத்துக்கு விழுந்து, கொடியைப் பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு. அதனால் வாங்கும்போது நம் பக்கத்துக் காயாகக் கேட்டு வாங்குங்கள். பாரிமுனையில் கேக் சாமான்கள் விற்கும் கடைகளில் விசாரிக்கலாம். காய் கயிறுபோல் வளைய வேண்டும். குச்சிபோல் ஒடிந்தால் வேண்டாம்.

அளவைச் சொல்கிறோம். ஆறு காய், ஏறக்குறைய 20 கிராம். கிளிசரின் 150 மில்லி, கொதித்து ஆறிய தண்ணீர் 50 மில்லி. காயை நீளவாக்கில் கீறி, சிறு துண்டுகளாக நறுக்கி, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு, கலந்த நீர்மத்தை ஊற்றுங்கள். காய் முழுதும் மூழ்க வேண்டும். தண்ணீரைக் கூட்டிவிடாதீர்கள், கெட்டுப்போகும். வெளிச்சம் படாத அலமாரியில் வைத்து, வாரம் இரண்டு முறை குலுக்குங்கள். கிளிசரின் மெதுவாகத்தான் வேலை செய்யும். இடையிடையே பாட்டிலைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் அரைமணி நேரம் நிறுத்தினால் வேகம் கூடும். ரஜபில் போட்டால் ஷவ்வால் பிறைக்கு மூன்று மாதம் நிறைந்துவிடும், இன்ஷா அல்லாஹ். வடிகட்டினால் 50 மில்லி பாட்டில் மூன்று நிச்சயம், சில சமயம் நான்கு. மதுவில் ஊறியதைவிட மணம் சற்றுக் குறைவுதான், மறைப்பானேன். ஒரு கரண்டி விடுகிற இடத்தில் ஒன்றரைக் கரண்டி விட வேண்டும். கடற்பாசிக்கும் கேக்குக்கும் நன்றாக இருக்கிறது. சேமியாப் பாயசத்தில் விட்டுப் பார்த்தோம். அங்கே ஏலக்காயே போதும்.

கிளிசரின் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். மருந்துக்கடையில் தோலுக்குத் தடவ விற்பது வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் கேனில் கிடைக்கும் தொழிற்சாலைச் சரக்கு வேண்டவே வேண்டாம். 2025 அக்டோபரில், பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் சாலையில் போனால் வரும் சுங்குவார்சத்திரத்தில் தயாரான இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் போய்விட்டன. அதுவும் கிளிசரின்போலவே நிறமில்லாமல், தித்திப்பாக இருக்கும், நாக்குக்குத் தெரியாது. உணவுத் தரம் என்ற எழுத்தும், ஐஎன்எஸ் 422 என்ற எண்ணும், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் உள்ள மூடிய பாட்டிலையே வாங்குங்கள். கிளிசரின் விலங்குக் கொழுப்பிலிருந்தும் வருவதால் தாவர மூலம் என்பதையும், பச்சைப் புள்ளியையும் பாருங்கள்.

இந்த அலைச்சல் முடியாதவர்களுக்கு எளிய வழி ஒன்று: அரைக் கிலோ சர்க்கரையில் ஒரு காயைக் கீறிப் புதைத்து இரண்டு வாரம் மூடிவையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கொடுக்க எங்களுக்கு இதுவே பிடித்திருக்கிறது. வடிகட்டிய காயையும் காயவைத்து இப்படியே சர்க்கரையில் போடலாம்.

பாட்டிலின் மேல் என்னென்ன சேர்த்தது, எந்தத் தேதியில் போட்டது, மது இல்லை என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். வாங்குகிறவர் உங்களிடம் கேட்கக் கூச்சப்படுவார். எழுதியிருந்தால் நிம்மதியாக அடுப்படிக்கு எடுத்துப் போவார். அந்த அலுவலகத் தோழிக்கும் ஒரு பாட்டில் கொடுக்கச் சொல்லி அந்த மகளிடம் சொல்லியிருக்கிறோம். விற்கப்போகும் சகோதரிகள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். விண்ணப்பம் போட நம் அலுவலகத்தில் உதவுவோம்.

கழுவிக் காயவைத்த சிறு கண்ணாடி பாட்டில்கள் அலுவலகத்தில் இருக்கின்றன. அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து, வீட்டுக்கு நான்கு வீதம் எடுத்துக்கொள்ளலாம்.