சுழன்றடிக்கும் வேளை



முற்றத்தில் கால்வீசிப் பழகும் எங்களைப் பார்த்து "இதென்ன கூத்து?" என்று பெரியோர் கேட்பதுண்டு. கேட்பதில் நியாயமுண்டு. ஆகையால் சுழன்றடிக்கும் அடியைப் பற்றியே பேச வந்தோம்.

சுழல்பவன் அரைக் கணமேனும் எதிரிக்கு முதுகைக் காட்டுகிறான். கண்ணும் எதிரியை விட்டு அகல்கிறது. உடற்பாரமெல்லாம் ஒற்றைக் காலில். பட்டால் பேரடி. தைக்குவொண்டோப் போட்டியில் உடலிற் படும் சாதாரண உதைக்கு 2 புள்ளி, சுழலுதைக்கு 4, ஆசை வராமலிருக்குமா?

தவறினால்? 2023 மார்ச் 4 ஆந் திகதி லாஸ் வேகாஸ் நகரில் நடந்ததைக் கேளுங்கள். யூ.எவ்.சி. கலப்புச் சண்டையில், 125 இறாத்தல் மகளிர் பட்டத்தை 2018 முதல் வைத்திருந்த வலன்ரீனா செவ்செங்கோ நாலாஞ் சுற்றில் சுழன்று பின்னுதை விட்டார். உதை தவறியது. மெக்சிக்கோ வீராங்கனை அலெக்சா கிராசோ அக்கணமே முதுகைப் பற்றிக் கீழே வீழ்த்திக் கழுத்தைப் பூட்டினார். பட்டம் கைமாறியது.

2012 இல் ரியோ டி ஜெனீரோவில் எட்சன் பார்போசா சுழன்று, குதிக்காலால் தெரி எற்றிமை வீழ்த்தியதும் மூன்றாஞ் சுற்றிலேதான். அதற்கு முன்னெல்லாம் காலிலேயே உதைத்து வந்தார். எற்றிம் கீழுதைக்குப் பழகிவிட்டார். வேளை என்பது அதுதான்.

எதிரி பாய்ந்து வரும்போது தேறாதவர் சுழல்வது பெருந்தவறு. சென்ற வருடம் எங்களில் ஒருவர் அப்படிச் சுழன்றார். முன்னே வந்த தோழனின் மூக்கில் முழங்கை பட்டது. அவன் தாயார் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அன்று முதல் நேருதையில் தேறாதவரைச் சுழல விடுவதில்லை. தேறியவரும் தலையை முன்னே திருப்பி, ஆளைக் கண்ட பின்னரே காலை விடவேண்டும். இப்போது பழகுவோர் பதினொருவர். சுழல அனுமதி பெற்றவர் இருவர்.