வாசலில் நிற்கும் ஜீப்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'வங்கித் துறையில் வேலைவாய்ப்புகள்'. நாலு பக்கம் எழுதியும் கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் காலையில் போர்டிகோ அருகே வண்டியை நிறுத்தி இறங்கியதும் பத்துப் பதினைந்து மாணவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். என்னை அல்ல, என் ஜீப்பை. அதில் ஒரு தம்பி கேட்டார்: "சார், இதுல ஆஃப் ரோடு எங்கெல்லாம் போயிருக்கீங்க?"

"எங்கேயும் போனதில்லை தம்பி. காய்கறி மார்க்கெட்டுக்குப் போவேன், பென்ஷன் விஷயமா பேங்குக்குப் போவேன்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப எதுக்கு சார் இது?"

அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு வேலைவாய்ப்பைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. செயலாளர் மன்னிக்க வேண்டும்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. என் மகன் கேட்கிறான், டீசல் போடுகிற பையன் கேட்கிறான். என் மனைவி மட்டும் கேட்பதில்லை. காரணம், எங்கள் வீட்டுப் பரணில் நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிற அண்டா ஒன்று இருக்கிறது. மகள் கல்யாணத்துக்குப் பிறகு அது கீழே இறங்கவே இல்லை. அண்டாவைப் பழைய பாத்திரத்துக்குப் போடலாம் என்று நான் சொல்வதில்லை, ஜீப்பை விற்கலாம் என்று அவர் சொல்வதில்லை.

உலகம் முழுக்க இதே கதைதான். லண்டனில் செல்சி என்று ஒரு பணக்காரப் பகுதி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்குப் பெரிய பெரிய ஃபோர் வீல் வண்டிகளில் வருகிறவர்களைக் கிண்டல் செய்து, அந்த வண்டிகளுக்கே 'செல்சி டிராக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த ஊர் லேண்ட் ரோவர் 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானபோது விவசாயிக்காக வந்த வண்டி. அமெரிக்காவில் கீத் பிராட்ஷர் என்ற பத்திரிகையாளர் 2002-ல் இந்த வகை வண்டிகளைத் தாக்கி ஒரு புத்தகமே எழுதினார். வாங்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ரோட்டை விட்டு இறங்குவதே இல்லை என்பது அதில் அவர் எடுத்துச் சொன்ன விஷயங்களில் ஒன்று.

நம் நாட்டுக்கு வாருங்கள். 2020-ல் வந்த புதிய மஹிந்திரா தார் வண்டிகள் எல்லாமே ஃபோர் வீல் டிரைவ். 2023 ஜனவரியில் அதே தோற்றத்தில், பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கிற தார் ஒன்றைக் குறைந்த விலைக்கு விட்டார்கள். அதாவது மலை ஏறுகிற பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மலை ஏறுகிற முகத்தை மட்டும் விற்றார்கள். அதையும் வாங்க ஆள் இருந்தது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு என் கையைப் பார்த்தேன். நூறு மீட்டர் ஆழத் தண்ணீரைத் தாங்கும் கடிகாரம். நான் இறங்கிய அதிகபட்ச ஆழம் குளியலறை வாளி.

இந்த வண்டி ஆசைக்குப் பிறந்ததல்ல, அவசரத்துக்குப் பிறந்தது. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதியது: எடை குறைவாக, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும், மாதிரி வண்டி 49 நாளில் வர வேண்டும். பாண்டம் என்ற ஒரு சின்னக் கம்பெனிதான் செப்டம்பர் 23-ம் தேதி அதைக் கொண்டுபோய் நிறுத்தியது. பெரிய ஆர்டரோ வில்லிஸ் கம்பெனிக்கும் ஃபோர்டு கம்பெனிக்கும் போனது. யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். (விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன். அலுவலகங்களிலும் இது உண்டு, மாணவர்கள் போகப் போகத் தெரிந்துகொள்வார்கள்.) 1940-களின் இறுதியில் மஹிந்திரா கம்பெனி நம் நாட்டுக்கு வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுவந்தது. நாம் சிறு வயதில் பார்த்த தாசில்தார் ஜீப், பி.டி.ஓ. ஜீப், மைக்செட் கட்டிய தேர்தல் ஜீப் எல்லாம் அந்த வம்சம்தான்.

என்னுடையது 1994-ம் வருஷத்து எம்.எம். 540. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி லிவர்கள் இருக்கும். ஒன்று முன் சக்கரங்களுக்கும் இழுவையைக் கொடுக்கும். மற்றது லோ கியர். வேகத்தைக் குறைத்து இழுவையைச் சுமார் இரண்டரை மடங்காக்கும். வேடிக்கை என்னவென்றால், தார் ரோட்டில் அந்த முன் சக்கர லிவரைப் போடவே கூடாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால், மண் தரையில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் வழுக்காது, உள்ளே பல்லும் ஷாஃப்டும் முறுக்கிக்கொள்ளும். இயற்பியல் மாணவர்கள் படம் போட்டுப் பாருங்கள்.

போட்டால்தான் கெடும் என்றும் இல்லை, போடாமலே வைத்தாலும் கெட்டுவிடும். சீல் காய்ந்துபோகும், லிவர் இறுகிவிடும். "மாசம் ஒரு தடவையாவது மண்ணுல இறக்கி ஓட்டுங்க சார்" என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். மதுரையில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு கண்மாய் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு அங்கே போவேன். வறண்ட கண்மாய்க்குள் நூறு மீட்டர் போவேன், நூறு மீட்டர் வருவேன். என் ஆஃப் ரோடு வாழ்க்கை மொத்தமும் இவ்வளவுதான்.

ஆனால் அந்த நூறு மீட்டர் இருக்கிறதே! லோவில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், மனிதன் நடக்கிற வேகத்தில் வண்டி தானாக ஊர்ந்து கரையேறும். எந்தச் சக்கரம் எந்தக் கல்லில் ஏறுகிறது என்று உட்கார்ந்திருக்கிற இடுப்புக்கே தெரியும். மற்ற நாட்களில் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சிக்னலில் நிற்கும்போது என் கை தானாகப் போய் அந்த லிவரைத் தொட்டுப் பார்க்கும். போடுவதற்காக இல்லை, 'இருக்கியா?' என்று கேட்பதற்காக. வேலையில் இருந்த காலத்தில், சாயங்காலம் ஏழு மணி ஆகியும் கணக்கு நேராகாத நாட்களில், வாசலில் அந்த வண்டி நிற்கிறது என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது. நினைத்தால் போகலாம். போகவில்லை என்பது வேறு விஷயம்.

இதை நான் என் அப்பாவிடம் மட்டும் சொன்னதில்லை. சொல்ல நாக்கு எழவில்லை. ஏனென்றால் அப்பா போடியில் ஜீப் டிரைவர்.

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். ஏலத்தோட்டங்கள் மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். களையெடுத்துக் காய் பறிக்கிற கைகள் மலைக்குக் கீழே, நம் பக்கத்தில். விடியுமுன் போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து பெண்கள் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறி, மெட்டு தாண்டி வேலைக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்புவார்கள். இன்றும் அப்படித்தான் போகிறார்கள். அப்பா 1960-களின் கடைசியிலிருந்து 1992 வரை அந்த வண்டிகளை ஓட்டினார். ஒன்றுகூட அவருக்குச் சொந்தமில்லை. பத்துப் பேர் உட்காருகிற இடத்தில் பதினாறு பேர் இருப்பார்கள். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதை வழுக்குப் பாறையும் களிமண்ணும்தான். வீட்டுக்கு வந்தால் அப்பா யாரோடும் பேச மாட்டார். சட்டையைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் குப்புறப் படுப்பார். அம்மா முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். அந்தச் சம்பளத்தில்தான் நான் இந்தக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தேன்.

2011-ல் இந்த ஜீப்பை வாங்கி, மாலை போட்டுப் போடிக்குக் கொண்டுபோனேன். அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார்.

"யாருக்குடா ட்ரிப் அடிக்கப் போற?"

"ட்ரிப் எல்லாம் இல்லப்பா. சும்மா, வீட்டுக்குத்தான்."

"சும்மாவா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "காசு குடுத்து முதுகுவலிய வாங்கிட்டு வந்திருக்க. ஒரு மாருதி வாங்கியிருக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு வண்டியில் ஏறவில்லை. அதன் பிறகு மதுரைக்கு வரும்போதெல்லாம், நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஜீப்பைக் கொண்டுபோனால்கூட, ஆட்டோ பிடித்துத்தான் வீட்டுக்கு வருவார்.

2013 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா வீட்டுக்கு வந்திருந்தார். முதல் நாள் மழை. மாதக் கணக்குத் தவறக் கூடாது என்று நான் வழக்கம்போல் கண்மாயில் இறங்கினேன். பத்தாவது மீட்டரில் வண்டி நின்றுவிட்டது. ஃபோர் வீல் போட்டால் நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. முன்னாலும் பின்னாலும் டிஃபரன்ஷியல் இருக்கிறது, பிடிப்பில்லாத சக்கரம்தான் சுற்றும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று விசிறி மாதிரிச் சுற்ற, நான் மேலும் மேலும் மிதிக்க, ஆக்ஸில் வரைக்கும் வண்டி உள்ளே போய்விட்டது.

கரையிலிருந்து ஒரு சத்தம். "டேய், கால எடுடா! மிதிக்க மிதிக்கக் குழி தோண்டிக்கிட்டு இருக்க!"

நடைப்பயிற்சிக்கு வந்த அப்பா. வயது எழுபத்து நாலு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார். நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கச் சொன்னார். பக்கத்துத் தோப்பிலிருந்து தென்னமட்டைகளை இழுத்துவரச் சொல்லி, அவரே சக்கரத்துக்கு அடியில் செருகினார். பிறகு, "நகரு" என்றார். இருபத்தோரு வருஷம் கழித்து ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். உறுமல் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக லேசாக ஆட்டினார், வண்டி மட்டைமேல் ஏறிப் பூனை மாதிரி வெளியே வந்துவிட்டது.

கரையேறியதும் நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. கரையோரமாகவே கண்மாயைச் சுற்றிப் போனார். மறுபக்கம் சரிவில் இறங்கினார், ஏறினார், மறுபடியும் இறங்கினார். நான் முழங்கால் சேற்றோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்து வந்து நிறுத்தி, சாவியைக் கொடுத்தார்.

"பின்னாடி ஆள் இல்லாம ஓட்டினா நல்ல வண்டிதான்டா இது."

காலையில் கேட்ட தம்பிக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இதற்குள்தான் இருக்கிறது. இப்போது சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சூரியோதயம் பார்க்க இருட்டோடு ஜீப்பில் போகிறார்கள். கல்லும் குழியுமான பாதை. குலுங்கக் குலுங்கச் சுற்றுலா வந்தவர்கள் கூச்சல் போட்டுச் சிரிக்கிறார்கள். அதே விடியலில் போடிமெட்டு ஏறுகிற ஜீப்பில் யாரும் சிரிப்பதில்லை. ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குகிறார்கள். ஜீப் ஒரே ஜாதி ஜீப்தான். இவர்கள் வேண்டாம் என்றால் இறங்கிக்கொள்ளலாம், அவர்கள் இறங்கினால் அன்றையக் கூலி போய்விடும். போகலாம் என்பதும் இருக்க வேண்டும், போயே தீர வேண்டும் என்பது இல்லாமலும் இருக்க வேண்டும். அப்போதுதான் இந்த வண்டி ருசிக்கும். அப்பாவுக்கு அந்த ருசி எழுபத்து நாலு வயதில் கால் மணி நேரம் கிடைத்தது. எனக்கு வருஷம் முழுக்க, மார்க்கெட்டுக்குப் போகும்போதுகூடக் கிடைக்கிறது. இதில் எனக்கு வெட்கமும் உண்டு, சந்தோஷமும் உண்டு. இரண்டில் ஒன்றை மறைத்தால் பொய் சொன்னதாகும்.

அதன் பிறகு அப்பா ஜீப்பில் ஏறினார். மதுரைக்கு வந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை கண்மாய் அவருடையது; நான் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். 2018-ல் காலமாகும் வரை அப்படித்தான்.

உண்மையிலேயே ரோட்டை விட்டு இறங்குகிற இளைஞர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் வண்டி ஓட்டுவது குற்றம். ஓடுகிற ஆற்றுக்குள் வண்டியை இறக்கி, தண்ணீரைப் பீய்ச்சியடித்துப் படம் எடுப்பவர்கள், அதே தண்ணீரைக் கீழே ஒருவர் குடத்தில் மொள்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். உயரமான இருக்கையில் உட்கார்ந்தால் தூரத்து லாரி நன்றாகத் தெரியும், பம்பருக்கு முன்னால் நிற்கிற சின்னப் பிள்ளை தெரியாது. நான் வண்டி எடுக்குமுன் ஒரு தடவை சுற்றி வந்துதான் ஏறுவேன். அதுவும் அப்பாவைப் பார்த்துக் கற்றதுதான்.

2022 ஏப்ரலில் பழைய வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள். 2024-ல் என் முறை வந்தது. "அப்பா, இதோட குடுத்துடலாமே" என்றான் மகன். கட்டிவிட்டு வந்தேன். 2029 வரை செல்லும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டியில் உட்கார்ந்து பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம், சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. அந்தக் குட்டி லிவர்களை மட்டும் தொட வேண்டாம், போர்டிகோவில் சிமெண்ட் தரை. வேலைவாய்ப்புக் கட்டுரையைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன், மலரில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.