கேட்டுச் செய்விக்கும் தலைமை
(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வேலைத்தலத்தில் தலைமை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதுபற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இப்பொருளைக் கேட்ட மாத்திரத்தே பலருடைய மனம் கொழும்புக் கந்தோர்களையும் வெளிநாட்டுக் கம்பெனிகளையும் நாடிச் செல்லும். நாம் அத்துணைத் தூரம் போக வேண்டியதில்லை. கல்முனைக்கு மேற்கே விரிந்து கிடக்கும் கல்லோயாப் பள்ளத்தாக்கில் நடந்த காரியமொன்று பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களிலே ஆராயப்படுகின்றது. நம்மூரிலோ அதனை எடுத்துச் சொல்வார் அரியர்.

வயல் ஒரு வேலைத்தலமா என்று இளைஞர் சிலர் ஐயுறலாம். போடியார், முல்லைக்காரன், வயற்காரன், வட்டைவிதானை என்று வேலையையும் பொறுப்பையும் வகுத்து வைத்திருந்த மண் இது. சேற்றில் இறங்கி நின்று வேலை வாங்கிய போடியார்களும் இருந்தனர். வரம்புக்கே வராமல் கணக்கு மட்டும் பார்த்தவர்களும் இருந்தனர். யாருக்கு ஆட்கள் மனமுவந்து வேலை செய்தார்கள் என்பதை இங்கு அமர்ந்திருக்கும் பெரியோர் எம்மைவிட நன்கறிவர். அக்காலத்தைப் பொற்காலமென்று புகழ நாம் வரவில்லை. வயற்காரனின் கடன் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போனதும் அக்காலத்திலேதான்.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. அமெரிக்காவின் தெனசிப் பள்ளத்தாக்கு அதிகார சபையை முன்மாதிரியாகக் கொண்ட பெருந்திட்டம் அது. இங்கினியாகலையில் அணை எழுந்தது, சேனநாயக்க சமுத்திரம் நிறைந்தது, வாய்க்கால்கள் ஓடின. ஆனால் தண்ணீர் எப்பொழுது திறப்பது, எப்பொழுது மூடுவது என்பதெல்லாம் கந்தோரிலே தீர்மானமாயின. வயலில் நின்றவனை ஒருவரும் கேட்கவில்லை. முப்பது ஆண்டுகள் செல்லுமுன் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்தன, கதவுகள் உடைந்தன. தலைமடையில் உள்ளவர் வேண்டியமட்டும் எடுத்துக்கொள்ள, கடைமடை காய்ந்தது. "வாய்க்கால் அரசாங்கத்தினுடையது, அரசாங்கமே திருத்தட்டும்" என்றனர் விவசாயிகள். "இவர்களுக்கு ஒழுங்கு தெரியாது" என்றனர் உத்தியோகத்தர். எந்தத் தொழிற்சாலையிலும் இப்பேச்சைக் கேட்கலாம். முதலாளியும் தொழிலாளியும் இதே வார்த்தைகளைத்தான் சொல்வார்கள்.

1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு புதுவழியைத் தொடங்கின. கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் இம்முயற்சியிலே முன்னின்றவர். 1992இல் இதனை நூலாகவும் எழுதினார். பட்டம் பெற்ற இளைஞரும் யுவதிகளும் அமைப்பாளர்களாகக் குடியேற்றக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் அங்கேயே தங்கினர். வந்தவுடன் சங்கம் அமைத்துத் தலைவர், காரியதரிசி, தனாதிகாரி என்று தெரிவு நடத்தவில்லை. (நம்முடைய சங்கங்கள் இதைச் சற்றே கவனித்தல் நன்று!) வீடு வீடாகச் சென்று, "உங்கள் வாய்க்காலில் என்ன கஷ்டம்?" என்று கேட்டனர். ஒரு சிறு வாய்க்காலிலே பத்துப் பதினைந்து குடும்பங்களே நீர் பாய்ச்சுவன. அவர்கள் தாமாகக் கூடித் தூரெடுத்தனர், முறைவைத்து நீர் விட்டனர். பலகாலம் மண்வெட்டி படாத வாய்க்கால்களும் துப்புரவாயின. வேலை நடந்த பின்னரே, வாக்கெடுப்பின்றி, எல்லோரும் இசைந்து தங்களுக்குள் ஒருவரைப் பிரதிநிதியாக்கினர். அவருக்குச் சம்பளம் கிடையாது.

அவ்வாண்டு குளத்தில் நீர் மிகக் குறைவு. பற்றாக்குறைக் காலத்தில் அண்டை வயல்காரர் மண்வெட்டியோடு சண்டைக்கு நிற்பதே வழக்கம். அங்கோ தலைமடைக்காரர் தம் முறையைச் சுருக்கிக் கடைமடைக்கு நீர் விட்டனர். மேலே இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள். கீழ்ப்புறத்தே தமிழ் பேசுவோரும் இருந்தனர். 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இதே பள்ளத்தாக்கில் என்ன நடந்ததென்பதைப் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட மண்ணிலே இது நிகழ்ந்தது.

உத்தியோகத்தர் பக்கத்திலும் மாற்றம் உண்டாயிற்று. முன்பு விவசாயியைக் கண்டால் முறைப்பாடு வருகிறதென்று முகஞ்சுளித்த பொறியியலாளர்கள், எந்த மதகு எங்கே பழுது என்பதை அவர்களிடமே கேட்கத் தொடங்கினர். திட்டக் குழுவிலே விவசாயப் பிரதிநிதிகள் உத்தியோகத்தருடன் சரியாசனத்தில் அமர்ந்தனர். எம்முடைய எண்ணத்தில், இந்தக் கதையின் உயிர்நிலை இதுவே. கீழிருப்பவனுக்கு ஊக்கம் இல்லையென்று குறைசொல்லும் மேலாளர் பலர், அவன் சொல்வதைக் கேட்பதற்கு ஒரு நாற்காலிகூடப் போட்டு வைப்பதில்லை.

ஆனால் ஒரு குறையையும் சொல்லியே ஆகவேண்டும். விவசாயிகளின் ஊக்கத்தைத் தட்டி எழுப்பிய அந்த அமைப்பாளர்களுக்கு நிரந்தர நியமனம் வழங்கப்படவில்லை. ஆசிரிய நியமனமோ வேறு நிலையான உத்தியோகமோ கிடைத்ததும் பலர் விலகிச் சென்றனர். மீண்டும் மீண்டும் புதியவர்களைப் பழக்க வேண்டியதாயிற்று. அவர்களை நாம் குறைகூறோம். வீட்டில் உலை வைக்க வேண்டுமல்லவா? பிறருடைய பங்களிப்பைப் பற்றிப் பேசிய ஏற்பாடு, தன் சொந்த ஊழியரின் நாளையைப் பற்றி எண்ணாது விட்டது. பாராட்டு விழாவும் பொன்னாடையும் சம்பளத்துக்கும் சேமலாப நிதிக்கும் ஈடாகா என்பதை இளம் முதலாளிகள் நினைவில் வைத்தல் நன்று.

எனினும் விவசாய அமைப்புக்கள் நிலைத்தன. 1997ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில், நெற்செய்கைக்குப் போதிய நீர் குளத்தில் இல்லையென்று அதிகாரிகள் அறிவித்தனர். அமைப்புக்களோ இருந்த நீரைச் சிக்கனமாகவும் நீதியாகவும் பங்கிட்டு 65,000 ஏக்கரில் விளைவித்தன. விளைச்சலோ வழக்கமான சராசரிக்கும் மேல். அதே குளம், அதே வாய்க்கால், அதே மனிதர்கள்!

இது வயலுக்கு மட்டும் உரியதா? மருதமுனைத் தறிக் கொட்டகையிலே பாவில் பிழையென்றால் முதலில் அறிபவர் தறியில் அமர்ந்திருப்பவர். அவர் வாய் திறந்தால் ஏச்சு விழுமென்றால் பேசாமல் நெய்துகொண்டே இருப்பார். பிழை சந்தைக்குப் போய்ச் சேரும். ஜப்பானிலே டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியும் பிழை கண்டால் ஒரு கயிற்றை இழுத்து, மேற்பார்வையாளரை அழைத்து, வேலை ஓட்டத்தையே நிறுத்திவைக்கலாம். நம்முடைய கடைத்தெருவில் அப்படியொரு கயிறு எங்கே தொங்குகிறது? கல்முனைக் கடையொன்றில் பத்து வருடம் நின்ற பையனுக்கு எந்தச் சரக்கு ஓடும், எது தேங்கும் என்பது அத்துபடி. கொள்முதலுக்குப் போகும் முதலாளி அவனை ஒரு வார்த்தை கேட்கிறாரா? காரைதீவிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் கடை வைத்திருக்கும் நண்பர்கள் வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்க்கட்டும்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த சிரமதானத்தின் நாளும் நேரமும் வழக்கம்போலச் செயற்குழுவிலே தீர்மானிக்கப்பட்டு, பின்னர் அங்கத்தவர்க்கு அறிவிக்கப்படவிருக்கின்றது. இம்முறை செயற்குழுவினர் சற்றுப் பொறுத்து, மண்வெட்டி பிடிக்கப்போகும் வாலிபர்களையே முதலில் கூட்டிக் கேட்கட்டும். எந்த நாள் வசதி, எந்த இடத்திலே தொடங்குவது, யார் முன்னிற்பது என்பதை அவர்களே சொல்லட்டும். கூட்டம் கலையுமுன் விருப்பமுள்ளோர் வாசலண்டை உள்ள மேசையிலே பெயர் பதியலாம்.