மாரிக்காலத்தில் பிள்ளைக்கு என்ன வேலை?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, ஓய்வு பெற்ற பின்னும் எங்கள் எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் விடாத ஆசிரியைகளே, அக்காமாரே, தங்கைமாரே, தாய்மாரோடு வந்து பின்வரிசையில் விளையாடிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறுசுகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

மாரிகாலத்தில் சிறுவர் நலம் பற்றி ஒரு வைத்தியராகப் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டிருந்தார்கள். டெங்கு, நுளம்பு, கொதித்தாறிய நீர் என்று இருபது நிமிடம் பேசிவிட்டு இறங்கலாம். அதையும் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால், ஒரு தாயாகவும் இங்கே படித்தவளாகவும் வேறொன்றைக் கேட்க விரும்புகிறேன். புரட்டாசி முதல் கார்த்திகை வரை நம் வீடுகளில் எத்தனையோ கொண்டாட்டங்கள் வருகின்றன. அவற்றில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இன்று என்ன வேலை இருக்கிறது?

ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் இலையுதிர்காலத்தைப் படித்தோம். சிவந்த இலைகள் உதிர்ந்து கிடக்கும் படத்துக்கு வர்ணமும் தீட்டினோம். ரொறன்ரோவில் இருக்கும் நம் தோழிகளின் பிள்ளைகளுக்கு அது வாசலில் நடக்கும் சங்கதி. சிட்னிப் பிள்ளைகளுக்கோ ஐப்பசி என்றால் வசந்தம். யாழ்ப்பாணத்துக்கு இரண்டே காலம், கோடையும் மாரியும். பழைய நூல்கள் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்று சொல்லும். வழுக்கையாறு மாரியில் ஓடும். மற்றப்படி குடாநாட்டில் ஆறு கிடையாது. வடகீழ்ப் பருவக்காற்றோடு ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை பெய்கிற மழைதான் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, ஆண்டு முழுவதும் கிணற்றில் ஊறுகிறது. எங்கள் குடிநீரும் தோட்டமும் அந்த மூன்று மாதத்துச் சேமிப்பு. அதனால் மாரிக்கு ஆயத்தம் செய்வது வீடு முழுவதற்குமான வேலையாக இருந்தது. பிள்ளைகளுக்கும் அதில் பங்கு இருந்தது.

முதல் பங்கு பனையிலிருந்து வந்தது. ஆவணி, புரட்டாசியில் விடியப்புறம் தொப்பென்று பழம் விழும் சத்தம் கேட்டதும் பாயிலிருந்து எழுந்து ஓடியவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருப்பீர்கள். யார் முதலில் எடுப்பது என்பதில் சகோதரப் பாசமெல்லாம் செல்லாது. பழத்தைப் பிசைந்து களி எடுப்பது அம்மம்மாவின் வேலை. அது பணியாரமாகும், பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டாகும். மிஞ்சிய கொட்டைகளைப் பொறுக்கிக் குவிப்பது எங்கள் வேலை. மழை தொடங்க, வளவின் மணற்பாங்கான மூலையில் பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மண் மூடுவார்கள். எண்ணி எண்ணி எடுத்துக் கொடுத்துத்தான் நான் நூறுக்கு மேல் எண்ணப் பழகினேன். தை, மாசியில் கிழங்கு கிண்டுவோம். அவித்துத் தின்றது போக மிச்சம் புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். முளைத்த கொட்டையைப் பிளந்து எடுக்கும் பூரானுக்குச் சண்டை தனியாக நடக்கும்.

ஒரு சின்னப் பிள்ளை இன்று மண்ணுக்குள் வைத்ததை மூன்று நான்கு மாதம் கழித்துத் தானே தோண்டி எடுத்துத் தின்கிறது. பொறுமை பற்றி எந்தப் பாலர் பாடசாலையும் இதைவிடத் தெளிவாகப் படிப்பிக்க முடியாது.

அடுத்து நவராத்திரி வரும். கும்பத்தின் அடியில் மண் பரப்பித் தூவிய நவதானியம் ஒன்பது நாளில் முளைத்து நீளும். காலையில் எழுந்து அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதும் தண்ணீர் தெளிப்பதும் பிள்ளைகளின் பொறுப்பு. சரசுவதி பூசையன்று கணிதப் புத்தகத்தை அடியில் வைத்துவிட்டு, இன்றைக்குப் படிக்கக் கூடாது என்று நல்ல பிள்ளையாக இருந்த சுகம் வேறு எதிலும் இல்லை. இப்போது என் ஸ்ரெதஸ்கோப்பையும் பூசைக்கு வைக்கிறார்கள். அன்றைக்கு நான் வாட்டில் இரவல் வாங்கித்தான் சமாளிக்கிறேன்.

விஜயதசமியன்று ஏடு தொடக்குதல். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன். மடியில் இருத்தி, பிள்ளையின் விரலைப் பிடித்து, அரிசியில் 'அ' எழுதுவிக்கிறோம். படமும் எடுத்து அனுப்புகிறோம். அடுத்த நாளே பென்சிலையும் கட்டம் போட்ட கொப்பியையும் கையில் திணித்துவிடுகிறோம். "டொக்டர், மூன்றரை வயசாகுது, இன்னும் எழுத்து உறுப்பாக வரேல்லை" என்று கவலையோடு வரும் தாய்மாரை ஒவ்வொரு தவணையும் காண்கிறேன். மூன்று வயதில் விரல்களின் சிறு தசைகள் பென்சிலுக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை. தோளும் முழங்கையும் அசைந்து, விரல் முழுவதாக இழுபட்டு எழுதுவதுதான் அந்த வயதுக்குத் தோதானது. அதற்கு அரிசியும் மணலும் போதும். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகியது ஏழ்மையால் மட்டும் வந்த வழக்கம் என்று நான் நினைக்கவில்லை. ஏடு தொடக்கிய பின் ஓராண்டுக்காவது ஒரு தட்டு மணலை வீட்டில் வைத்திருங்கள். முற்றத்து ஈரமண்ணில் ஒரு குச்சியால் கிறுக்கவும் விடுங்கள்.

தீபாவளிக்கு எங்கள் ஊரில் கூட்டாக ஆடு வாங்கிப் பங்கு போடுவார்கள். பங்கு கொண்டுபோய்க் கொடுக்கும் தூது வேலை சிறுவர்களுக்கு. எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் முறுக்குத் தருவார்கள் என்ற ஊர்ப் படம் அப்படித்தான் மனதில் பதிந்தது. சைவச் சாப்பாட்டு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலகாரத் தட்டு. கந்தசஷ்டியில் சூரனுக்குத் தலை மாறுவதைத் தோளில் ஏறியிருந்து பார்ப்பது தவிர எங்களுக்கு வேலையொன்றும் இல்லை. ஆனால் அதைத் திரும்ப நடித்துக் காட்டும் வேலை அடுத்த ஒரு மாதத்துக்குக் காணும்.

எனக்கு இவை எல்லாவற்றிலும் பிடித்தது கார்த்திகை விளக்கீடு. படலையடியில் வாழைக்குற்றி நட்டு அதன் மேல் சிட்டி விளக்கு. குச்சிகளில் பழந்துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த பந்தங்களைக் கிணற்றடிக்கு ஒன்று, மாட்டுக் கொட்டிலடிக்கு ஒன்று, எருக்கும்பியடிக்கு ஒன்று, மாமரத்தடிக்கு ஒன்று என்று குத்தி வருவது பிள்ளைகள். இருளில் வளவின் நான்கு மூலைக்கும் போக வேண்டும். பயமாக இருக்கும், அதற்காகப் போகாமல் விட்டதில்லை. கோயிலில் சொக்கப்பனை எரிந்து சரியும்போது அந்தப் பயம் போயிருக்கும்.

இப்போது இவற்றில் எது இல்லாமற் போயிற்று? ஒரு கொண்டாட்டமும் இல்லாமற் போகவில்லை. உடுப்பு முன்பைவிட விலை, படம் முன்பைவிட அதிகம். பிள்ளையின் வேலை மட்டும் போய்விட்டது. பந்தத்தைச் சித்தப்பா குத்துகிறார், பிள்ளை மாபிள் பதித்த விறாந்தையில் நின்று பார்க்கிறது. மழைக்குள் போகாதே, சேற்றில் கால் வையாதே, பற்றைப் பக்கம் போகாதே என்கிறோம்.

இந்தத் தடைகள் எங்கிருந்து வந்தன என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நடந்தது. கந்தசஷ்டி நாட்களை ஒட்டி வந்த இரவு அது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கானோர் அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். ஏந்திய கைகளில் பிடித்துக் குடித்த மழைநீரின் சுவை இன்னும் நாக்கில் இருக்கிறது. அந்தக் கார்த்திகைக்குத் தென்மராட்சியில் யாரோ ஒருவரின் விறாந்தையில் ஒரேயொரு ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. 1996 இல் திரும்பி வந்தபோது எங்கள் பனைகளில் பல இல்லை, காவலரண்களுக்குப் போயிருந்தன. மிதிவெடிக்குப் பயந்து, கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வை என்று பாடசாலையில் படம் காட்டிச் சொல்லித் தந்தார்கள். அன்றைக்கு அது உயிர் காத்த அறிவுரை. அப்படி வளர்ந்த நாங்கள்தான் இன்றைய தாய்மார். மழையையும் இருளையும் வளவையும் கண்டால் எங்கள் உடம்பு எங்களைக் கேளாமலே பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கிறது. கண்ணிவெடி அபாயப் பலகை நிற்கும் இடங்களைப் பற்றி நான் பேசவில்லை. அங்கே இன்றும் போகக் கூடாது. பேசுவது உங்கள் சொந்த வளவைப் பற்றி.

மழையில் நனைவதால் மட்டும் காய்ச்சல் வராது. தடிமனும் இருமலும் வைரசுகளால் வருகின்றன. மழைக்குப் பயந்து எல்லோரும் ஓர் அறைக்குள் அடைபட்டிருக்கும்போதுதான் அவை தாராளமாகப் பரவுகின்றன. பயப்பட வேண்டியவை வேறு. தேங்கிய வெள்ளத்திலும் வயல் நீரிலும் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் காயம் இருந்தால் கிருமி உள்ளே போகும். 2024 டிசெம்பரில் எலிக்காய்ச்சல் நம் மாவட்டத்தில் உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்க மாட்டீர்கள். முற்றத்து மழை வேறு, தேங்கிய வெள்ளம் வேறு. வேலிகளில் அழகாகப் பூத்திருக்கும் கார்த்திகைப்பூக் கொடி முழுவதும் நஞ்சு, அதிலும் கிழங்கு கொடியது. பார்வைக்கு வற்றாளங்கிழங்கு போலிருக்கும். பாத்தி கிண்டப் பழகும் பிள்ளைக்கு அதைக் காட்டிப் பெயர் சொல்லிக் கொடுங்கள். பந்தம் கொளுத்தும்போது நைலோன் சட்டை வேண்டாம், பருத்தி போடுங்கள்; பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். சுட்டுவிட்டால் இருபது நிமிடம் குழாய் நீரைக் காயத்தில் ஓட விடுங்கள். பற்பசை பூசிக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

இனி டெங்கு. நுளம்பு சுத்தமான தேங்கிய நீரில் முட்டையிடுகிறது. முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரத்துக்கு ஒரு முறை வளவைச் சுற்றினால் அந்தச் சங்கிலி அறுபடும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள் என்பதுதான் நான் இன்று கேட்க வந்த விடயம். சிரட்டை, ஊமல், யோகட் கோப்பை, பழைய ரயர், பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாவற்றையும் பெரியவர்களைவிட அவர்கள் கண் வேகமாகக் கண்டுபிடிக்கும். பீலியை மட்டும் பெரியவர்கள் பாருங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு காலை இரண்டு பேரும் ஆளுக்கொரு வாளியோடு புறப்படுகிறார்கள், எண்ணிக்கையைக் கலண்டரில் குறிக்கிறார்கள். நீரை ஊற்றினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தும்பால் தேய்க்க வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை பல மாதம் காய்ந்து கிடந்தும் பிழைத்துவிடும். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், ஐபுபுரூபன், டைக்ளோபினக் வேண்டவே வேண்டாம். மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்டதும் பிள்ளை தெளியாமல் சோர்ந்து கிடந்தாலோ, வயிறு நொந்தாலோ, தொடர்ந்து சத்தி எடுத்தாலோ, கைகால் குளிர்ந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, அது குணமாகும் அறிகுறி என்று எண்ணாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது.

வயதான தாய் தந்தையர் மட்டும் தனியே இருக்கும் வளவுகள் நம் ஊரில் எத்தனை! குனிந்து சிரட்டை கவிழ்க்க அவர்களால் முடியாது. உங்கள் பிள்ளைகளின் ஞாயிற்றுச் சுற்றில் அடுத்த வளவு அம்மம்மாவையும் சேருங்கள். அவர்கள் கண்டிப்பாகப் பனங்கட்டி வைத்திருப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தோழிகள், "எங்கள் பிள்ளைகள் ஹலோவீனுக்குப் பைத்தியம், தீபாவளிக்கு வா என்றால் முகத்தைச் சுழிக்கிறார்கள்" என்று நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் குறைப்பட்டார்கள். எனக்கு அது விளங்குகிறது. ஹலோவீனில் பிள்ளை தானே பூசணியைக் குடைகிறது, தானே விளக்கேற்றுகிறது, தானே வீடு வீடாக நடக்கிறது. தீபாவளிக்கு வாடகை மண்டபத்தில் கதிரையில் இருந்து நான்கு பேச்சுக் கேட்கிறது. நானும் சுழிப்பேன். விளக்கீட்டுக்கு அங்கே குளிர்தான். ஆனாலும் கோட்டுப் போட்டுக்கொண்டு நான்கு சிட்டியை வாசற்படியில் வைக்கும் வேலையைப் பிள்ளையிடமே விடலாம். ஏடு தொடக்க அரிசி எந்த நாட்டிலும் கிடைக்கும்.

பனம் பாத்தியை மட்டும் அங்கே கட்ட முடியாது. எங்கள் வளவில் போன கிழமைதான் மூடினோம். டிசெம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருபவர்கள் தாராளமாக வந்து கிண்டிப் பாருங்கள். அப்போது கிழங்கு மெலிந்துதான் இருக்கும். பாடசாலையில் லீவு கேட்டுத் தைப்பொங்கல் முடியும்வரை நிற்க முடிந்தால், பருத்த கிழங்காகக் கொண்டு போகலாம்.