தாத்தா மடி

நடுவர் அவர்களே! எதிரணி அம்மா சொன்னாங்க: "குழந்தைக்கு வேண்டியதெல்லாம் கடையிலேயே கிடைக்குது, பாட்டி எதுக்குங்க மெனக்கெடணும்?" நியாயம்தான். நானும் எங்க அம்மாகிட்ட இதையேதான் சொன்னேன். காதில் வாங்கினால்தானே! (சிரிப்பு)

எனக்கு ஏழாம் மாதம். அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். உள்ளே அப்பாவின் வேட்டிகள். அப்பா போய் ஒரு வருஷம். அதுவரைக்கும் யாரையும் தொட விட்டதில்லை. அவரே உட்கார்ந்து சதுரம் சதுரமாகக் கிழித்தார். வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு மடித்து வைத்தார். "புதுத்துணியில கஞ்சி இருக்கும்டி, பிஞ்சு உடம்பை உரசும்." அவ்வளவுதான் பேச்சு.

உரை மருந்துக்கு ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் எல்லாம் தயார். டாக்டர் அம்மா, "ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டார். மறுபேச்சில்லாமல் எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அந்த இடத்தில் எதிரணிக்கு ஒரு மார்க் கொடுத்துடுங்க. பரவாயில்லை! (சிரிப்பு)

பேரன் பிறந்தான். முதல் நாளே துணியை நனைத்துவிட்டான். நான் பதறிப்போய், "அம்மா, அப்பா வேட்டிம்மா..." என்றேன்.

அம்மா அதை உருவிக்கொண்டே சொன்னார்: "இருக்கட்டும்டி. தாத்தா மடியிலதானே போயிருக்கான்."

(பலத்த கைதட்டல்)