உதட்டுக் கொப்புளம்: அறிவோம், பரவாமல் தடுப்போம்



உதட்டோரம் முதலில் கூசும், எரியும். பிறகு சிறு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பும். “உடம்புச் சூடு” என்று நம்மில் பலர் சொல்வோம். உண்மைக் காரணம் ஹெர்பிஸ் என்னும் கிருமி. பெரும்பாலும் சிறு வயதிலேயே தொற்றும் இக்கிருமி, நரம்பில் உறங்கிக் கிடக்கும். காய்ச்சல், களைப்பு, கடும் வெயில், மனவுளைச்சல் ஆகியவை அதை மீண்டும் எழுப்பிவிடும்.

கொப்புளம் பொதுவாக 10 நாள்களுக்குள் தானாகவே ஆறும். கூச்சம் தொடங்கியதுமே அசைக்ளோவிர் களிம்பைப் பூசினால் சற்று விரைவில் ஆறும். மருந்தாளரிடம் கேளுங்கள். பூசுவதற்கு முன்னும் பின்னும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள், பற்பசை, சுண்ணாம்பு தடவாதீர்கள்.

உங்கள் குவளை, கரண்டி, துண்டு ஆகியவற்றைப் பிறர் பயன்படுத்த வேண்டாம். புண் முழுமையாக ஆறும்வரை யாருக்கும் முத்தம் கொடுக்காதீர்கள். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் உயிருக்கே இக்கிருமி ஆபத்தாகலாம். பேரப்பிள்ளைமேல் எவ்வளவு ஆசை இருந்தாலும், முத்தம் சில நாள் காத்திருக்கட்டும்.

பின்வரும் நிலைகளில் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்:

• 10 நாள்களாகியும் புண் ஆறவில்லை.
• கண் சிவந்து வலிக்கிறது.
• புற்றுநோய்ச் சிகிச்சை போன்ற காரணங்களால் உங்கள் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துள்ளது.
• கொப்புளம் அடிக்கடி வருகிறது.

இது பலருக்கும் வருவதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், வீட்டாரிடமும் சொல்லுங்கள்.